'பொன்னியின் செல்வன்' முடிச்சாச்சு, அடுத்து யாரை வாசிக்கலாம்? பிடித்த எழுத்தாளரை வைத்துப் புது எழுத்தாளரைக் கண்டுபிடிப்பது எப்படி?

'பொன்னியின் செல்வன்' படம் 2022, 2023 என இரண்டு பாகமாக வந்தபோது, அதுவரை தமிழில் ஒரு நாவலைக்கூட முழுசாக வாசிக்காத பலர் கல்கியின் ஐந்து பாகங்களையும் வாங்கினார்கள். அதில் ஒரு பகுதியினர் கடைசிப் பக்கம் வரை போய்விட்டார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். அடுத்து எதை எடுப்பது?

பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் அவருக்குப் பிடித்ததைச் சொல்வார். யாரோ ஒருவர் மௌனியின் சிறுகதைகளைக் கையில் கொடுப்பார். மௌனி பெரிய எழுத்தாளர், சந்தேகமே இல்லை. ஆனால் வந்தியத்தேவனோடு குதிரையில் வந்த ஆளை நேராக மௌனியிடம் இறக்கிவிட்டால், பத்துப் பக்கத்தில் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். 'தமிழ் இலக்கியம் நமக்குச் சரிப்பட்டு வராது' என்று முடிவு கட்டிவிடுவார். கொடுத்த காசு போவதைவிட, வாசிப்பே அங்கே நின்றுபோவதுதான் பெரிய நஷ்டம்.

பண்ருட்டி பக்கம் கெடிலக்கரையில் இருக்கிற திருவதிகையிலிருந்து ஒருவர் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 500 ரூபாய். இதுவரை வாசித்தது ஒரே ஒரு எழுத்தாளர். அத்தனை ஸ்டாலுக்கு நடுவே அவர் எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்கான சில வழிகளைப் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி: எது பிடித்தது?

'கல்கி பிடிக்கும்' என்பது பாதி பதில்தான். கல்கியிடம் எது பிடித்தது என்பதில்தான் அடுத்த எழுத்தாளர் இருக்கிறார்.

அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகத்தில் வேலை பார்த்த நான்சி பேர்ல் என்ற நூலகர் இதற்கு ஒரு எளிய கணக்கு சொன்னார். ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு கதவுகள் உண்டு: கதை, பாத்திரம், இடம், மொழி. ஒவ்வொரு வாசகருக்கும் இதில் ஏதோ ஒன்று அகலமாகத் திறக்கும். அது எந்தக் கதவு என்று தெரிந்துவிட்டால், அதே கதவு அகலமாக இருக்கிற வேறு எழுத்தாளரைத் தேடலாம்.

இதைக் கல்கியிடமே போட்டுப் பார்க்கலாம். 'ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்' என்ற பரபரப்புதான் உங்களை இழுத்ததா? அது கதைக் கதவு. அப்போ சாண்டில்யனின் 'யவன ராணி', 'கடல் புறா' பக்கம் போகலாம். பொன்னியின் செல்வன் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்றால் விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' இருக்கிறது. வந்தியத்தேவனின் குறும்பும் ஆழ்வார்க்கடியானின் வாய்ச் சண்டையும்தான் பிடித்தது என்றால், நீங்கள் தேடுவது சரித்திரமே இல்லை, நகைச்சுவை. அதற்கு தேவனின் 'துப்பறியும் சாம்பு' நல்ல அடுத்த படி. சோழர் காலத்தில் மனிதர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்ற ஆர்வம்தான் காரணம் என்றால் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்'. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷாக இருந்த புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பை அடிப்படையாக வைத்து எழுதப்பட்ட நாவல் அது. அதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' 1995ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. இதில் ராஜாக்கள் ஓரமாகத்தான் வருவார்கள். அது உங்களுக்கு ஓகேவா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

திருவதிகைக்காரர்களுக்கு இன்னொரு குறிப்பு. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலில் திருநாவுக்கரசர் ஒரு பாத்திரமாக வருகிறார். சூலை நோயோடு அக்கா திலகவதியாரைத் தேடி அவர் வந்து சேர்ந்தது இதே திருவதிகைக்குத்தான் என்கிறது பெரியபுராணம். தன் ஊரைத் தொட்ட ஒருவரை நாவலில் பார்ப்பதும் ஒரு கதவுதான். நான்சி பேர்ல் கணக்கில் அது 'இடம்'.

தி.ஜானகிராமன் பிடித்தவர்களுக்கு

'மோகமுள்' வாசித்து முடித்தவர்களிடம் இந்தக் கேள்விக்கு மூன்று நான்கு விதமான பதில் வரும். யமுனாவை மறக்க முடியவில்லை என்பார்கள். கும்பகோணத்துத் தெருக்களும் காவிரியும் என்பார்கள். அந்தப் பேச்சு, அந்த வாக்கியம் என்று சிலர்.

கும்பகோணம்தான் இழுத்தது என்றால் அந்த ஊரே ஒரு பட்டியல். தி.ஜா. மதித்த கு.ப.ராஜகோபாலன் இருக்கிறார். சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையை 'வேள்வித் தீ'யில் எழுதிய எம்.வி.வெங்கட்ராம் இருக்கிறார். 'பசித்த மானிடம்' எழுதிய கரிச்சான் குஞ்சு இருக்கிறார். மூன்று பேரும் அந்த வட்டாரத்து ஆட்கள், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஆனால் 'பசித்த மானிடம்' கொஞ்சம் கடினமான சோறு. தொழுநோய் வந்த ஒருவன் வழியாகப் போகும் கதை. தி.ஜா.வின் அழகை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதனால் கு.ப.ரா.வின் சிறுகதைகளில் ஆரம்பிப்பது நல்லது.

யமுனாதான் பிடித்தது, தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்கிற பெண் பாத்திரம்தான் பிடித்தது என்றால் கும்பகோணத்தை விட்டுவிடுங்கள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'க்குப் போங்கள். தி.ஜா. பெண்களை வெளியே நின்று வியந்து பார்ப்பார். அம்பை சமையலறைக்கு உள்ளேயிருந்து பார்ப்பார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் யமுனா பற்றியே உங்கள் கருத்து கொஞ்சம் மாறலாம்.

நெய்வேலி, பண்ருட்டி வாசகர்களுக்கு: வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பாதை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடலூர், விருத்தாசலம், பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தை 'நடுநாடு' என்று சொல்வார்கள். இந்த மண்ணிலிருந்து வந்த எழுத்து நிறைய. புதுமைப்பித்தன் 1906ல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934ல் பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். ஆனால் இவர்கள் இருவரும் எழுதிய உலகம் பெரும்பாலும் வேறு இடங்கள். நடுநாட்டு மண்ணையே எழுத்தாக்கியவர்கள் பிறகு வந்தார்கள்.

பலருக்கு நுழைவாயில் தங்கர் பச்சான். 'அழகி' படம் பார்த்தவர்களுக்கு அவர் இயக்குநர். ஆனால் அந்தப் படமே அவருடைய 'கல்வெட்டு' சிறுகதையிலிருந்து வந்தது. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய 'ஒன்பது ரூபாய் நோட்டு' நாவலும் பிறகு சத்யராஜ் நடிக்கப் படமானது. முந்திரியும் பலாவும் விளைகிற பூமியில், நிலத்தை உயிராக நினைத்த ஒரு விவசாயி கடைசிக் காலத்தில் என்ன ஆகிறார் என்பதுதான் கதை. பண்ருட்டிக்காரர்களுக்கு இதை வாசிக்க அகராதி வேண்டாம்.

இது பிடித்திருந்தால் அடுத்தவர் கண்மணி குணசேகரன். விருத்தாசலம் அருகே மணக்கொல்லை கிராமத்துக்காரர், அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தொழிலாளியாக வேலை பார்த்தவர். ஏமாற்றிக் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையான 'அஞ்சலை'தான் பலரும் சொல்கிற நாவல். பஸ் டிப்போ வாழ்க்கையை உள்ளிருந்து காட்டுகிற 'நெடுஞ்சாலை'யும் உண்டு. நெய்வேலி வாசகர் என்றால் நாம் முதலில் கையில் கொடுப்பது 'வந்தாரங்குடி'. நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த மக்களின் நாவல். 1956ல் தொடங்கிய நிறுவனம், அதில் வேலை, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ், மரம் அடர்ந்த வட்டங்கள் என்று வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, அந்த மண்ணுக்கு அடியில் எந்த ஊர்கள் இருந்தன என்று தெரியாமலே போகலாம். நிலம் கையகப்படுத்தும் பிரச்சினை இன்றைக்கும் செய்தியில் வந்துகொண்டுதான் இருக்கிறது. செய்தியில் ஏக்கர் கணக்கு வரும், நாவலில் அந்த ஏக்கரில் கொல்லை வைத்திருந்தவர் வருவார்.

மூன்றாவது ஆள் இமையம். இவரைத் தவிர்த்துவிட்டு நடுநாட்டை வாசித்தேன் என்று சொல்ல முடியாது. 1994ல் வந்த 'கோவேறு கழுதைகள்' நாவலின் ஆரோக்கியம், தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பத்துப் பெண். ஒடுக்கப்பட்டவர்களிலும் கீழே வைக்கப்பட்டவர். அந்தக் குடும்பத்துக்குக் கூலி தானியமாகவும் சோறாகவும் வரும், சில சமயம் வராது. பொட்டுக்கட்டி விடப்பட்ட ஒரு கூத்துக் கலைஞரின் வாழ்க்கை 'செடல்'. தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் ஒரு பெண்ணையும் வெளியே காத்திருக்கும் குடும்பத்தையும் பற்றியது 'செல்லாத பணம்'. அதற்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

தங்கர் பச்சான், கண்மணி குணசேகரன், இமையம் மூவரின் மண்ணும் பேச்சும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஊரை அவர்கள் பார்க்கும் இடம் ஒன்றல்ல. ஒருவரை மட்டும் வாசித்தால் ஊரின் ஒரு தெருதான் தெரியும். நிலம் வைத்திருந்தவரின் துயரமும், நிலமே இல்லாதவரின் துயரமும் ஒரே கிராமத்தில் எப்படி அருகருகே இருந்தன என்று பார்க்க மூவரும் வேண்டும். 'இவர் மாதிரியே இன்னொருவர்' என்று தேடும்போது கிடைக்கிற உண்மையான லாபம் இதுதான்: அதே இடம், வேறு கண்.

கவிதை பிடிக்கும் என்றால் இந்தப் பட்டியலில் த.பழமலய்யின் 'சனங்களின் கதை'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர்களைப் பற்றி வீட்டுத் திண்ணையில் பேசுவது மாதிரியே இருக்கும்.

எழுத்தாளரே காட்டிவிடும் வழிகள்

உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரும் ஒரு வாசகர்தான். அவர் யாரை வாசித்தார் என்று பெரும்பாலும் அவரே எங்காவது எழுதிவைத்திருப்பார்.

சுஜாதா ரசிகர்களுக்கு இது ரொம்ப சுலபம். 'கணையாழியின் கடைசிப் பக்கங்கள்', 'கற்றதும் பெற்றதும்' இரண்டிலும் தான் ரசித்த கதை, கவிதை, ஆட்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். அவற்றை ஒரு பேனாவோடு வாசித்தால் ஆறு மாதத்துக்கான லிஸ்ட் தயார். சுஜாதாவின் சுருக்கமும் நக்கலும்தான் பிடிக்கும் என்றால் நம்முடைய சிபாரிசு இலங்கையில் பிறந்து கனடாவில் வாழும் அ.முத்துலிங்கம். சிரிக்கவைத்துக்கொண்டே போய் கடைசி வரியில் ஒரு குத்து குத்துவார்.

எஸ்.ராமகிருஷ்ணன் ஆனந்த விகடனில் எழுதிய 'கதாவிலாசம்' இதற்கென்றே செய்தது மாதிரி ஒரு புத்தகம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு தமிழ் எழுத்தாளரை, அவருடைய ஒரு கதை வழியாக அறிமுகம் செய்வார். அதற்குப் பல வருடங்கள் முன்பே க.நா.சுப்ரமண்யம் 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு ஒரு புத்தகம் எழுதினார். க.நா.சு.வின் பட்டியல்கள் அந்தக் காலத்தில் பெரிய சண்டைகளைக் கிளப்பின. பட்டியல் என்றாலே சண்டைதான், அது இன்றைக்கும் மாறவில்லை.

மொழிபெயர்ப்பு இன்னொரு நூல். சுந்தர ராமசாமி பிடிக்குமா? அவர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ஒரு எழுத்தாளர் தன் நேரத்தைச் செலவழித்து இன்னொருவரை மொழிபெயர்க்கிறார் என்றால் அதைவிடப் பெரிய சிபாரிசு வேறு என்ன? நெய்வேலிக்குப் பக்கத்தில் குறிஞ்சிப்பாடியிலிருந்து மலையாளத்தைத் தமிழாக்கி வருபவர் குறிஞ்சிவேலன். மொழிபெயர்ப்புக்கென்றே 'திசை எட்டும்' என்ற இதழையும் தொடங்கியவர்.

அப்புறம், சொல்லகராதி. இது பலர் கவனிக்காத ஒன்று. கி.ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதி தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குத் தொகுத்தார். கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுத்தார். மூவரும் வேறு வேறு மண், ஆனால் ஊர்ப் பேச்சு மேல் ஒரே வகையான காதல். கி.ரா.வின் பேச்சு நடை பிடித்தவர் மற்ற இருவரிடமும் தைரியமாகப் போகலாம். கி.ரா.வின் சொந்த ஊரான இடைசெவல்தான் கு.அழகிரிசாமிக்கும் ஊர், இருவரும் நண்பர்கள். அங்கிருந்து பூமணி, சோ.தர்மன் என்று கரிசல் பாதை தனியாக நீளும். 'அசுரன்' படத்துக்கு மூலம் பூமணியின் 'வெக்கை' என்பது பலருக்கு இப்போது தெரியும்.

சில சமயம் எழுத்தாளரைவிடப் பொருள்தான் பிடித்திருக்கும். உப்பளத் தொழிலாளர் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதினார், நேரில் போய் விசாரித்து எழுதுவது அவர் பழக்கம். சு.தமிழ்ச்செல்வியின் 'அளம்' அதே உப்பை அந்த மண்ணின் பெண்கள் பக்கத்திலிருந்து சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

ஆப் சொல்லும் சிபாரிசு ஏன் சொதப்புகிறது?

அமேசான் மாதிரி தளங்களில் 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று வருமே, அதன் அடிப்படை எளிமையானது. புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. ஒரே ஆட்கள் எந்தெந்தப் புத்தகங்களைச் சேர்த்து வாங்குகிறார்கள் என்று எண்ணும். இந்த முறையை விளக்கி அமேசான் பொறியாளர்கள் 2003லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

லட்சக்கணக்கில் விற்கும் ஆங்கிலப் புத்தகங்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். தமிழில் பல நல்ல நாவல்கள் சில நூறு பிரதிகளாக அச்சாகின்றன, பாதி கண்காட்சி ஸ்டாலிலேயே விற்றுவிடுகின்றன. அந்த விற்பனை எந்த ஆப்புக்கும் தெரியாது. போதாததற்கு ஒரே எழுத்தாளர் பெயர் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும். கடைசியில் எதைத் தேடினாலும் திரும்பத் திரும்ப அதே ஐந்தாறு பெஸ்ட்செல்லர்கள். 'அஞ்சலை' அந்த வரிசையில் தானாக வந்து நிற்காது.

ஏஐ சாட்பாட்டிடம் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சொல்வதும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெயரில் போடுவதும் அதற்குப் பழக்கம். பெயர் கிடைத்ததும் பதிப்பகத்திடமோ நூலகத்திலோ ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

நூலகர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர்' என்ற கருத்தை நூலகத்துறையின் விதியாகவே 1931ல் எழுதிவைத்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர். உலக நூலகர்கள் இன்றும் பாடமாகப் படிக்கும் ஐந்து விதிகளில் இரண்டு இவை. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், 'இந்த நாவல் பிடித்தது, இது மாதிரி என்ன இருக்கு?' என்று கேட்பது அந்த வேலையைத்தான் கேட்பது. கூச்சப்பட வேண்டாம்.

கண்காட்சியில் 500 ரூபாயோடு நிற்கும்போது

என்எல்சி நிறுவனம் நடத்தும் நெய்வேலி புத்தகக் கண்காட்சி வழக்கமாக ஜூலை வாக்கில் நடக்கும். தேதியை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். அது தவிர மாவட்டப் புத்தகத் திருவிழாக்களும் இப்போது தமிழ்நாடு முழுக்க நடக்கின்றன.

புது எழுத்தாளர் என்றால் நேராக 600 பக்க நாவலை வாங்காதீர்கள். சிறுகதைத் தொகுப்பு வாங்குங்கள். தமிழில் முக்கியமான எழுத்தாளர்கள் பெரும்பாலானோர் சிறுகதையும் எழுதியவர்கள், அதனால் இது எப்போதும் சாத்தியம். அதைவிட மலிவான வழி, பல எழுத்தாளர்கள் சேர்ந்த தொகை நூல். அசோகமித்திரன் தொகுத்து நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட 'புதிய தமிழ்ச் சிறுகதைகள்' மாதிரி ஒன்று கிடைத்தால், ஒரே விலையில் பல பேரை ருசி பார்த்துவிடலாம். பிடித்த இரண்டு பேரைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த வருடம் அவர்களுடைய புத்தகத்தை வாங்கினால் போதும்.

ஸ்டாலிலேயே நின்று முதல் மூன்று பக்கம் வாசிக்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள். முன்னுரையையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் நன்றி சொல்லப்படும் பெயர்களில் பாதி எழுத்தாளர்களாகத்தான் இருப்பார்கள். உங்களுக்குப் பிடித்த நாவலை வெளியிட்ட பதிப்பகம் எது என்றும் வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் போங்கள். 'கோவேறு கழுதைகள்' வெளியிட்டது க்ரியா. அந்த ரசனை பிடித்தால் அதே பட்டியலில் இன்னும் இரண்டு புத்தகம் பிடிக்க நல்ல வாய்ப்பு.

வாங்கிய பிறகு எத்தனை பக்கம் பொறுத்துக்கொள்வது? அதற்கும் நான்சி பேர்ல் ஒரு விதி வைத்திருக்கிறார்: 50 பக்கம். பிடிக்கவில்லை என்றால் மூடிவிடலாம், குற்ற உணர்ச்சியே வேண்டாம். 50 வயது தாண்டியவர்களுக்கு இன்னும் சலுகை. 100லிருந்து வயதைக் கழித்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவு பக்கம் போதும். 70 வயது தாத்தாவுக்கு 30 பக்கம். வட்டார வழக்கு நாவலுக்கு மட்டும் நாம் ஒரு சின்னத் திருத்தம் சொல்வோம். முதல் 20 பக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். காது அந்தப் பேச்சுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். புரியவில்லை என்றால் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், பாதி புரிந்துவிடும்.

காசே செலவழிக்காமல் ஆரம்பிக்க வேண்டும் என்றாலும் வழி உண்டு. கல்கி, புதுமைப்பித்தன் போன்றவர்களின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் பழைய தமிழ் நூல்கள் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம், மொபைலிலேயே.

இன்னும் புத்தகமே போடாத எழுத்தாளர்களைக் கண்டுபிடிக்க ஆசை என்றால், நெய்வேலி புத்தகக் கண்காட்சியோடு சேர்ந்து தினமணி நடத்திவந்த சிறுகதைப் போட்டியைக் கவனிக்கலாம். பரிசு பெற்ற கதைகள் தினமணி கதிரில் வெளியாகும். பிடித்த கதைக்கு மேலே இருக்கும் பெயரை போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.